காளியாத்தாள் வீட்டுக்கு வந்த காட்டு மாப்பிள்ளை

வனத்துறையில் கார்டாகச் சேர்ந்து நான் எழுதிய முதல் கேஸ் காளியாத்தாள் மேல்தான். அதை எழுதும்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. 1996 மார்ச் மாதம். வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

காளியாத்தாள் ஆனைமலைப் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் லட்சுமணசாமியைக் கட்டிக்கொண்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறினாராம். ஏறி வந்த நான்காம் நாள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவர், இருபத்தாறு வருடம் கழித்தும் இறக்கவில்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் வாய். அந்த வாய்க்குப் பயந்தே அவர் நிரையில் யாரும் இலை எடையில் விளையாட மாட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். லட்சுமணசாமிக்குத் தேயிலை பாக்டரியில் தற்காலிக வேலைதான். லைன் வீடு காளியாத்தாளின் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த வேலை போனால் வீடும் போகும்.

வேலை போக மீதி நேரமெல்லாம் கோழிக்குத்தான். அவர் வீடு வரிசையின் கடைசி வீடு. பின்வாசலைத் திறந்தால் தேயிலை, தேயிலை முடிந்தால் சோலைக்காடு. அடுப்படியில் உட்கார்ந்தபடியே, வெளியே கத்துகிற கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்துகிறதா, பருந்தைப் பார்த்துக் கத்துகிறதா, சும்மா வாய்க்கொழுப்பில் கத்துகிறதா என்று சொல்லிவிடுவார். நானோ போத்தனூரில் பிறந்தவன். கோழியை எனக்கு அதுவரை பிரியாணிச் சட்டியில்தான் பழக்கம்.

அந்த வரிசையில் முப்பது வீடு. வீட்டுக்கு வீடு கோழி. சேவல் என்று பேர் சொல்லும்படி இருந்தது ஒன்றுதான், எஸ்டேட் லாரி ஓட்டும் சென்னிமலையின் கருஞ்சேவல். சென்னிமலை காங்கயம் பக்கம். சேவல் சண்டை இல்லாவிட்டால் பொங்கல் இனிக்காத ஆள். கருஞ்சேவலுக்குத் தினமும் கம்பும் கேழ்வரகும் கொடுத்து மூன்றரைக் கிலோவுக்கு ஏற்றி வைத்திருந்தார். வரிசையில் பொரித்த குஞ்சில் பாதி அதன் குஞ்சு. அதைச் சொல்லும்போது அவர் மீசையைத் தடவிக்கொள்வதைப் பார்த்தால் ஏதோ தானே அடைகாத்தது போல இருக்கும்.

அந்தக் கருஞ்சேவலை ஏறெடுத்துப் பார்க்காத ஒரே கோழி காளியாத்தாளின் செவலை. அது இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தால் போதும், செவலை ஊரைக் கூட்டிக்கொண்டு கூரை மேல் ஏறிவிடும். ஆனால் விடிந்ததும் தேயிலைக்குள் புகுந்து காட்டு ஓரத்துக்கு நடக்கும். அங்கே அதற்கு ஒரு ஆள் இருந்தது. காட்டுச் சேவல். உடம்பு கருஞ்சேவலில் பாதி, கழுத்து நிறைய மஞ்சள் மெழுகு சொட்டியது போலப் புள்ளி. இரண்டு வருடமாக இதே கதை. செவலை இட்ட முட்டையில் பொரித்த சேவல் குஞ்சுகள் வளர வளரக் கழுத்தில் சாம்பலும் மஞ்சளும் தட்டின. முந்தின வருடத்துக் குஞ்சில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் வளர்ந்துவிட்டன. அடுத்த அடையில் இரண்டு சேவல்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சென்னிமலை டீக்கடையில் என் காதோடு சொன்னது மட்டும்.

"கார்டு, கடைசி ஊட்டுல ரெண்டு காட்டுச்சாவலக் கூடையில கவுத்து வெச்சிருக்குதுங்க. நான் சொன்னேன்னு வேண்டாம். கழுத்தப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சுபோயிரும்."

அந்த இரண்டு சேவலையும் சண்டைக்குப் பழக்க அவர் கேட்டதும், "உன்ற கருப்பனக் கட்டிக்க மாட்டேன்னுதான என்ற செவலை காட்டுக்குப் போச்சு, அந்தப் பையனுகள உனக்கு எப்புடித் தாரது?" என்று காளியாத்தாள் வரிசையே கேட்கச் சொன்னதும் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

போனேன். கூடையைத் தூக்கினேன். கழுத்தில் சாம்பலும் மஞ்சள் புள்ளியும். இரண்டின் காலிலும் நீல நைலான் நூல். ஒன்றின் காலில் நூலுக்கு அடியில் பழைய தழும்பு. அந்த மாதம் மட்டும் சோலைக்குள் பதினேழு கண்ணி பிடுங்கியிருந்தேன், எல்லாம் நைலான். மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். எனக்கு நூலெல்லாம் கண்ணி.

மத்தியானச் சோற்றுக்கு வந்த காளியாத்தாள் வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"ஏனுங் தம்பி, என்ற ஊட்டுல என்ன தேடறீங்க?"

"காட்டுக்கோழியப் புடிச்சு வளக்கறது குத்தம்னு தெரியுமாங்க?"

"புடிக்கறதா? அது என்ற செவலை அடைகாத்துப் பொரிச்சதுங்க. அப்பன் காட்டுக்காரன். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்க முடிந்தால் ஒரு மாதச் சம்பளம் தருவேன். காலில் கிடக்கும் நூலைக் காட்டினேன். சுற்றி நின்ற பெண்களெல்லாம் ஒரே குரலில் கத்தினார்கள். முப்பது வீட்டுக் கோழியும் ஒன்றாய் மேய்கிற இடத்தில் எது யாருடையது என்று தெரிய வீட்டுக்கு ஒரு நிறத்தில் காலில் நூல் கட்டுவது வழக்கமாம். பக்கத்து வீட்டுக்குச் சிவப்பு, அதற்கடுத்து மஞ்சள், காளியாத்தாளுக்கு நீலம். பாக்டரியில் மூட்டை தைக்கிற நூலாம். குஞ்சில் கட்டியதைக் கால் பெருத்ததும் அவிழ்த்து மாற்ற ஒருவாரம் தாமதமானதால் வந்த தழும்பாம். பத்துப் பேர் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால் அது பேசிவைத்த பொய் என்று நான் முடிவு கட்டினேன். தலையைத் திருப்பி மேய்கிற கோழிகளின் காலை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. "கண்ணி நூலுடன் கைப்பற்றப்பட்ட காட்டுச் சேவல் இரண்டு" என்று எழுதி, கூடையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளே எஸ்டேட்டில் உத்தரவு வந்தது. கேஸ் முடியும்வரை காளியாத்தாளுக்கு வேலை இல்லை. கேஸ் பதிவானால் பேர் அடிக்கப்படும், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆபீசில் ரேஞ்சர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

ரேஞ்சர் அழகிரிசாமிக்கு ஊர் கோபிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவர் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அதற்குள் கைதிகள் இரண்டும் ஆபீஸ் பின்கட்டில் விடியற்காலை கூவ ஆரம்பித்தன. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"பஷீர், கண்ண மூடிட்டுக் கேளுங்க."

கேட்டேன். ஊர்ச் சேவல் மாதிரி நீட்டி ஆரம்பித்தது. பாதியில் முறிந்து, காட்டுச் சேவலின் வெட்டு வெட்டான குரலுக்குத் தாவி, அதையும் முடிக்கத் தெரியாமல் நின்றது.

"நம்ம காட்டுச்சாவல் இப்புடிக் கூவி நான் கேட்டதில்லீங்க. இது ரெண்டுங்கெட்டானா இருக்குது. வாங்க, அந்தம்மாவப் பாத்துப் பேசலாம்."

ரேஞ்சர் வந்து நின்றதும் காளியாத்தாள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். பிறகு கணக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். போன வருடத்துக் கலப்புப் பெட்டை பன்னிரண்டு முட்டை வைத்தது, மூன்றுதான் பொரித்தது, மற்ற ஒன்பதும் கூமுட்டை. அந்த மூன்றிலும் ஒன்றுதான் தங்கியது. கலப்புச் சேவல் கூப்பிட்டால் ஊர்க் கோழி எதுவும் திரும்புவதில்லை. காட்டு ஓரத்துக்குப் போனது, அங்கே உதை வாங்கிக்கொண்டு திரும்பியது.

"இதையெல்லாம் யாருங்க அம்மணி உங்களுக்குச் சொன்னாங்க?" என்றார் ரேஞ்சர்.

"யாரு சொல்லோணும்? கண்ணு இருக்குதல்லங்க."

ரேஞ்சர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "காதுல கேட்டத வெச்சு நான் எழுத முடியாதுங்க. காட்டுச்சாவல் வந்து உங்க கோழியோட சேர்றத நேர்ல பாக்கோணும்."

"வாங்க, காலைல ஆறு மணிக்கு. ஆனா நாள் கம்மிங்க. செவலை இன்னும் ரெண்டு மூணு முட்டைதான் வெக்கும். அப்பறம் அடைக்கு உக்காந்துபோட்டா எந்தச் சாவலையும் திரும்பிப் பாக்காதுங்க."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற சென்னிமலையால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப என்ற சாவலயும் அவுத்துடறனுங்க. நல்ல ஆம்பள பக்கத்துல நிக்கறப்ப எந்தப் பொட்ட காட்டுக்குப் போகும்னு ரேஞ்சரய்யாவே பாக்கட்டும்."

"அதுவும் ஞாயந்தானுங்க," என்றார் ரேஞ்சர்.

மறுநாள் ஆறு மணிக்கு நானும் ரேஞ்சரும் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றோம். சோலைக்குள் காட்டுச் சேவல் கூவியது. செவலை தலையைத் தூக்கியது. காட்டோரப் புல் அசைந்தது, மஞ்சள் புள்ளி போட்ட கழுத்து ஒன்று வெளியே நீண்டது. எங்களைப் பார்த்தது. அவ்வளவுதான், புர்ரென்று ஒரு சத்தம், காடு பழையபடி காடானது. கருஞ்சேவல் ஓடிவந்தது. செவலை வழக்கம்போலக் கூரைமேல் ஏறியது. ஏழு மணி நெருங்கும்வரை காத்திருந்தும் வேறொன்றும் நடக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு இன்னைக்கு லீவுங்களா?" என்று சென்னிமலை கேட்க, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

காளியாத்தாளின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சேவல் வரவேண்டும் என்று நான் எப்போது ஆசைப்பட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதிய கேஸ், நானே தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தவர், எங்கள் இரண்டு பேரையும் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒருதரம் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"தப்பு என்ற மேலதானுங்க. உங்களக் காக்கியில வரச்சொல்லிப்போட்டேன். வாரத்துல ஆறு நாளு நாங்க அதும் பக்கத்துலயேதான் கொழுந்தெடுக்கறம், அது எங்களச் சட்டையே பண்றதில்லீங்க. காட்டுக்குள்ள தடியோட வர்ற காக்கின்னாத்தான் அதுக்குப் பயம். நாளைக்குக் கொழுந்தெடுக்கறவங்களா வாங்க."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அரசாங்க உத்தியோகத்தில் இருபது வருடம் இருந்தவர், கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரீங்க" என்றார்.

மறுநாள் இருள் பிரிகிற நேரத்தில் காளியாத்தாள் வீட்டுப் பின்வாசலில் எங்களுக்கு அலங்காரம் நடந்தது. தேயிலைக் கிளை சேலையைக் கிழிக்காமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற படங்கை, அந்தத் தடித்த சாக்குத் துணியை, காக்கியைக் கழற்றிவிட்டு வந்த எங்களுக்குச் சுற்றினார்கள். தலையில் துண்டைக் கட்டினார்கள், முதுகில் கூடையை மாட்டினார்கள். ரேஞ்சருக்கு ஒரு பூப்போட்ட துண்டு அமைந்தது. எனக்குக் காளியாத்தாள் தன்னுடைய படங்கையும் கூடையையும் கொடுத்தார். வேலைக்கு விடவில்லை என்பதால் அவை சும்மாதான் இருந்தன.

காளியாத்தாளையும் சேர்த்து நான்கு பெண்களோடு செடிக்குள் இறங்கினோம். காளியாத்தாள் என் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினார். "ரெண்டு எலையும் கொழுந்தும் கிள்ளுங்க தம்பி. கெளையப் புடுச்சு இழுத்தீங்கன்னா அது நம்மளக் கண்டுபிடிச்சுப்போடும்."

சோலைக்குள் கூவல். பிறகு அமைதி. பிறகு, எந்த ஆரவாரமும் இல்லாமல், காட்டுச் சேவல் நடந்து வெளியே வந்தது. எங்களை ஒருதரம் பார்த்தது. ஆறு கொழுந்துக்காரிகள். தலையைத் திருப்பிக்கொண்டு புற்றோரம் கிளற ஆரம்பித்தது. இருபதடி தூரத்தில் நின்று அந்தக் கழுத்தைப் பார்த்தேன். ஐயோ, அதற்கும் நான் கூடையில் தூக்கிப்போன பையன்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பையன்களுக்கு இருந்தது மங்கல் புள்ளி. அப்பனுக்கு ஒவ்வொரு இறகின் நுனியிலும் மஞ்சள் மினுங்கியது. கண் இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கரையான் ஒன்றைக் கண்டெடுத்தது. அதைத் தின்னவில்லை. அலகால் எடுத்துக் கீழே போட்டு, மெதுவாகக் கூப்பிட்டது. மறுபடி எடுத்து, போட்டு, கூப்பிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சென்னிமலை தன் வாசலிலிருந்து ஒரு பிடிக் கம்பை வீசினார். கருஞ்சேவலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கொக் கொக்" என்று வரிசையே அதிரக் கூப்பிட்டது. செவலை நடுவில் நின்றது. இந்தப் பக்கம் ஒரு பிடிக் கம்பு, அந்தப் பக்கம் ஒற்றைக் கரையான்.

செவலை கம்பின் பக்கம் நடந்தது. இரண்டு மணி கொத்தியது. சென்னிமலை தொடையில் தட்டினார். கருஞ்சேவல் இறக்கையைத் தாழ்த்தியது. செவலை மூன்றாவதாக இன்னொரு மணி கொத்தியது, அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் துடைத்தது, கருஞ்சேவலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தது. நடந்தது என்ன, கடைசிப் பத்தடி ஓடியது. காட்டுச் சேவலின் காலடியில் கிடந்த கரையானை எடுத்துத் தின்றது. அப்புறம் யாரும் துரத்தாமல், யாரும் பிடிக்காமல், தானாகவே இறக்கையை விரித்துத் தணிந்து உட்கார்ந்தது. காட்டுச் சேவல் ஏறி இறங்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. கருஞ்சேவல் ஆத்திரத்தோடு ஓடிவந்து சேர்வதற்குள் அது பறந்துவிட்டது. செவலை இறகை உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல மேயப் போனது.

"பாத்துக்குங்க!" என்று காளியாத்தாள் கத்திய கத்தல் அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்டிருக்கும். "பாத்துக்குங்க எல்லாரும்! நான் புடிச்சனா? அது வந்துச்சா?" சொல்லும்போதே அழுதார், சிரித்தார், பக்கத்தில் நின்ற பெண்ணின் முதுகில் அடித்தார். எனக்கும் கண் நிறைந்தது. கொழுந்துக்காரி வேஷத்தில் இருந்ததால் அழ வெட்கமாகவும் இல்லை.

சென்னிமலை தன் சேவலைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, "மூணரைக் கிலோ சாவலு. அதப்போயி வேண்டாங்குது" என்று முணுமுணுத்தார்.

"எடை பாத்தாங்க கட்டிக்குவாங்க?" என்றார் காளியாத்தாள்.

ரேஞ்சர் சட்டைப்பையிலிருந்து நான் எழுதிய தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். "கேஸ் இல்லீங்க அம்மணி. சாவல் ரெண்டும் மத்தியானம் உங்க ஊட்டுக்கு வந்துரும். எஸ்டேட்டுக்கு நான் இன்னைக்கே எழுதிக் குடுத்தர்றேன்."

"நீங்க எழுதறது ஆபீசுக்குப் போகுமுங்க. என்னையத் திருடின்னு பாத்தவங்க பெரட்டுலதான் நிக்கறாங்க. அங்க சொல்லோணும். இந்தத் தம்பி வாயாலயே சொல்லோணும்."

பெரட்டு என்பது காலை ஏழு மணிக்கு வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். நூற்றைம்பது பேராவது நிற்பார்கள். நான்கு நாளாகக் காளியாத்தாள் அங்கே கால் வைக்கவில்லை. நாங்கள் போன கோலத்தில், கூட்டம் முதலில் எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டதும் சிரிப்பு கிளம்பியது. ரேஞ்சர் பூத்துண்டை அவிழ்க்க மறந்தே போயிருந்தார். அவர் கையைத் தூக்கியதும் சிரிப்பு அடங்கியது. என்னை முன்னால் தள்ளினார்.

"நான் எழுதினது தப்புங்க," என்றேன். "காளியாத்தாக்கா எந்தக் கோழியவும் காட்டுல இருந்து புடிக்கலீங்க. அவங்க கோழி தானாப் போயி ஜோடி சேந்துச்சு. நாங்க கண்ணால பாத்தோமுங்க. கால்ல கெடந்தது கண்ணி இல்லீங்க, அடையாள நூலு. பாக்காம எழுதிப்போட்டேன். என்னைய மன்னிச்சுக்குங்க."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ரேஞ்சர் கணக்குப்பிள்ளையிடம் போய் இரண்டு வார்த்தை சொன்னார். கணக்குப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேரேட்டில் விரலை ஓட்டி, வாய்க்குள்ளேயே, "காளியாத்தாள்" என்றார்.

காளியாத்தாளோ எனக்கு இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காளியாத்தாள்."

"கேக்கலீங்க," என்றார் அவர். "நாலு நாளாக் கூப்புடாத பேரு. கடைசி நிரைக்கும் கேக்கறாப்புல கூப்புடுங்க."

கணக்குப்பிள்ளை ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் பூத்துண்டோடு தலையாட்டினார்.

"காளியாத்தாள்!"

"இருக்கேனுங்க!"

அந்தக் குரலுக்கு நூற்றைம்பது பேரும் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கூடையவும் படங்கவும் அவுத்துக் குடுங்க தம்பி. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."